குடைக்குக் கீழே இருபது நிமிடம்

"வேலை தேடுற அந்த இணையத்தளத்துல நீங்க எப்படி இவ்வளவு சீக்கிரம் மேல வந்தீங்க?" என்று யாராவது கேட்டால் எனக்குக் காது மடல் சூடாகிவிடும். கேட்கிறார்கள். கம்பனியில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு அதைப் பற்றி அரை மணி நேரம் பேசச் சொல்லி என்னைத்தான் அனுப்புகிறார்கள். அலையாதீர்கள், நேரத்தைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு இருபது நிமிடம் தாராளம் என்று நானும் நீட்டி முழக்கிவிட்டு வருகிறேன். அந்த இருபது நிமிடத்தில் நான் என்ன செய்தேன் என்பதை மட்டும் சொல்வதில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

கேம்பஸில் படிப்பை முடித்து ஒரு வருடமாகியும் உருப்படியான வேலை கிடைக்கவில்லை. ஹட்டனில் ஒரு டியூசன் வகுப்பில் கம்பியூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டம் டிக்கோயாவிலிருந்து மேலே ஏறிப் போக வேண்டும். வரிசை வீடுகளாக இருக்கும் எங்கள் லயத்தில் போனுக்குச் சிக்னல் சுத்தமாக இல்லை. பஸ்ஸுக்கு இறங்குகிற வழியில், தேயிலைக்கு நடுவே ஒரு பாறை இருக்கிறது. அதில் ஏறி நின்றால்தான் வரும். ஹட்டன் போய்ச் சேர்ந்துவிட்டால் வகுப்பு முடியும்வரை போனைத் தொட முடியாது. திரும்பி வரும் பஸ்ஸில் காலை ஊன்றவே இடமிருக்காது. ஆக, ஆறரைக்கு லயத்தை விட்டுக் கிளம்பி, பஸ் வருவதற்குள் அந்தப் பாறையில் நிற்கிற இருபது நிமிடம்தான் எனக்கு மிச்சம்.

அப்பாவுக்கு ஸ்டோரில் இரவு வேலை. தேயிலை அரைக்கிற ஆலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். காலையில் வந்ததும் ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் படுத்துவிட வேண்டிய மனுஷன். ஐப்பசி மழை பிடித்த பிறகு படுக்கவில்லை. "மழையில போன நனைச்சிக்கிட்டு நிப்பியா? நட, நான் கொடையப் புடிக்கிறேன்" என்று கூடவே இறங்கி வந்தார். தூக்கம் சொக்கும் கண்ணோடு பாறைக்குப் பக்கத்தில் நின்று, போன் நனையாதபடி குடையை என் பக்கமே சாய்த்துப் பிடிப்பார். அவருடைய ஒரு தோள் முழுக்க மழையில் இருக்கும். இடையிடையே கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இன்னம் எட்டு நிமிசம் இருக்கு" என்பார். நான் என்ன எழுதுகிறேன் என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. பார்த்தாலும் ஆங்கிலம் அவருக்குத் தெரியாது.

அப்பாவைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர் குடிக்கமாட்டார். எங்கள் தோட்டத்தில் அது சின்ன விஷயமில்லை. மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் தூக்குகிறவர் வாயில் சாராயம் படாதவராக இருக்க வேண்டும் என்பது எங்கள் கோயில் கட்டுப்பாடு. பதினொரு வருடமாக அப்பாதான் தூக்கினார். தை பிறந்து கொஞ்ச நாளில் கமிட்டிக்காரர்கள் வெற்றிலைத் தட்டோடு எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் வந்து உட்காருவார்கள். "இந்த வருசமும் நீங்கதாண்ணே" என்பார்கள். "வேற ஆளுகளே இல்லையா?" என்று அப்பா பொய்யாக அலுத்துக்கொள்வார். அன்றைக்கு முழுக்க அவர் நடையே வேறு மாதிரி இருக்கும். அவருக்கென்று இருந்த பெருமை அது ஒன்றுதான்.

அந்தத் தளத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று ஹட்டனில் நடந்த ஒரு நாள் செமினாரில் சொன்னதை நான் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். ஐந்து நிமிடம் வேலை விளம்பரம் பார்க்க. ஐந்து நிமிடம் பெரிய ஆட்களின் பதிவுகளுக்குக் கீழே உருப்படியாக எதையாவது எழுத. ஐந்து நிமிடம் நேரடியாகக் கடிதம் அனுப்ப. மிச்சம் ஐந்தில் நம்முடைய பதிவு. நல்ல யோசனைதான், குறை சொல்லமாட்டேன். முதல் இரண்டு வாரம் அப்படியே செய்தேன். நான் படித்த மென்பொருளைப் பற்றி எழுதினேன், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற விதத்தைப் பற்றி எழுதினேன். மூன்று பேர் லைக் போட்டார்கள். அதில் ஒருத்தி என்னோடு படித்தவள்.

அப்புறம் ஒழுங்கு கெட்டுப்போனது. கூடப் படித்தவர்களுக்கு என்னென்ன பதவி வந்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். வயிற்றெரிச்சலோடு ஒவ்வொருத்தருக்கும் வாழ்த்துச் சொல்லுவேன். அதிலேயே பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடிவிடும். அப்பா ஒரு பக்கம் நனைந்துகொண்டு நிற்பார், நான் யாரோ ஒருத்தியின் புது ஆபீஸ் நாற்காலியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எந்தப் பதிவுகளுக்கு ஆயிரக்கணக்கில் லைக் விழுகிறது என்பதையும் அப்படித்தான் கண்டுகொண்டேன். அழ வைக்கிற பதிவுகள். ஒழுகுகிற கூரை, மண்ணெண்ணெய் விளக்கு, அடிக்கிற தகப்பன், அதையெல்லாம் தாண்டி வந்த நான். எல்லாம் ஒரே அச்சு.

அன்றைக்கும் பதினான்கு நிமிடத்தைப் பாழாக்கியிருந்தேன். "ஆறு நிமிசம்" என்றார் அப்பா. எனக்கு யார் மேலோ ஆத்திரம். கொப்பியாவது மண்ணாங்கட்டியாவது என்று எழுதத் தொடங்கிவிட்டேன். அம்மா கொழுந்து பறிக்கிறவள் என்று எழுதினேன், அது உண்மை. லயத்தில் ஒரே காம்பராவில் நான்கு பேர் என்று எழுதினேன், அதுவும் உண்மை. வாசித்துப் பார்த்தால் ஏதோ குறைவது போல இருந்தது. அடுத்த வரியில், என் தகப்பன் குடிகாரர், சம்பள நாளில் தள்ளாடிக்கொண்டு வெறுங்கையோடு வருவார், நாங்கள் பட்டினியாகப் படுப்போம் என்று எழுதினேன்.

எனக்குக் கை கூசவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் கொல்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது அது என் அப்பாவாகவே தெரியவில்லை, எங்கேயோ இருக்கிற யாரோ ஒருத்தியின் தகப்பனாகத் தெரிந்தது. நிஜமான அப்பா என் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டு, "மூணு நிமிசம், சீக்கிரம் முடி" என்றார். பனிமூட்டத்தைப் பின்னால் வைத்து என்னை நானே ஒரு படம் எடுத்து அதோடு சேர்த்தேன். படத்தின் மூலையில் குடைக்கம்பியும் அதைப் பிடித்திருந்த அப்பாவின் இரண்டு விரலும் விழுந்திருந்தன. வெட்ட நேரமில்லை. அனுப்பிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

டிக்கோயா தாண்டுவதற்குள் பைக்குள் போன் துடிக்கத் தொடங்கியது. மாலைக்குள் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. முன்பின் தெரியாத ஆட்கள் எல்லாம் சிங்கப் பெண் என்றும் தங்கை என்றும் எழுதியிருந்தார்கள். கொழும்பில் ஒரு கம்பனியில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பிலிருந்த மேடம் ஒருவர், உன் கதை என்னை அழ வைத்துவிட்டது, வந்து என்னைப் பார் என்று எழுதியிருந்தார். போய்ப் பார்த்தேன். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன், அதில் குறை வைக்கவில்லை. வேலை தருவதாகச் சொல்லிவிட்டார்கள். கடிதம் மட்டும் பிறகு வரும் என்றார்கள்.

வீட்டில் சொன்னபோது அப்பா தூங்காமலே கோயிலுக்குப் போய் ஒரு தேங்காயை உடைத்துவிட்டு வந்தார். அந்தப் பதிவை அன்றைக்கே அழித்திருக்கலாம். கடிதம் கைக்கு வரட்டும், அப்புறம் அழிக்கலாம் என்று தள்ளிப்போட்டேன். தினமும் பாறையில் நின்று பாராட்டுகளைப் படித்து ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கம் கெட்டவள்.

யாரோ ஒரு புண்ணியவான் அதைத் தமிழில் பெயர்த்து முகநூலில் போட்டுவிட்டார், என் படத்தோடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் பக்கத்துக் காம்பரா அக்கா அதைப் போனில் சேமித்துத் தூக்கிக்கொண்டு எங்கள் இஸ்தோப்புக்கே வந்துவிட்டார். அப்பா அங்கே சவரம் செய்துகொண்டிருந்தார்.

"ஏய் புள்ள, என்னா இது? ஒங்கப்பா எப்பப் புள்ள குடிச்சாரு?" என்று கேட்டுவிட்டு, வரி விடாமல் சத்தமாக வாசித்தார். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள். தள்ளாடிக்கொண்டு என்ற இடம் வந்ததும் அக்காவுக்கே குரல் இறங்கிவிட்டது. "யாரோ ஒன் பேர்ல எழுதிட்டாங்களாக்கும்?" என்று எனக்கு ஒரு வழி விட்டுக்கொடுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்பா மிச்சச் சவரத்தை முடித்தார், முகத்தைக் கழுவினார், கண்ணாடியைத் துடைத்து ஆணியில் மாட்டினார். எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையிலும் குடையோடு வந்தார். "வேணாம்ப்பா, நீங்க போய்த் தூங்குங்கப்பா" என்றேன். குடையை விரித்து முன்னால் நடந்தார். பாறையில் நான் போனை எடுக்காமல் நின்றேன். மழை நன்றாகக் கொட்டிக்கொண்டிருந்தது.

"நான் என்னாத்த அடிச்சேன்னு எழுதியிருக்க?" என்று திடீரென்று கேட்டார். "கசிப்பா, சாராயமா?"

விளையாட்டாகக் கேட்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

"அப்பா..."

"அம்மாவ அடிச்சேன்னு எழுதுனியா?"

"இல்லப்பா. சத்தியமா இல்லப்பா."

"அந்த மட்டுக்கும் நல்லது" என்றார். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். என்னை நாலு அறை அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. பஸ்ஸில் ஹட்டன்வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.

தை மாதத்தில் மேடம் வந்தார். கடிதத்தை எங்கள் லயத்துக்கே கொண்டுவந்து கொடுத்து, அதை வீடியோ எடுத்து அந்தத் தளத்தில் போடுவது அவர்களுடைய திட்டம். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். நல்ல பெண்மணிதான் அவர், அம்மாவுக்குப் புடவையும் அப்பாவுக்குப் பெரிய பழக்கூடையும் கொண்டுவந்திருந்தார். லயமே கூடி நின்றது. கோயில் கமிட்டித் தலைவரும் கூட்டத்தில் நின்றார். மேடம் ஆங்கிலத்தில் கேட்டால் நான்தானே தமிழில் சொல்ல வேண்டும், கேள்வியை மாற்றிவிடலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அவர் அப்பாவைப் பார்த்து நேராகச் சிங்களத்தில் கேட்டுவிட்டார். அப்பாவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு.

"ஐயா, நீங்க எப்ப குடிய விட்டீங்க?" அதுதான் கேள்வி.

பக்கத்துக் காம்பரா அக்கா வாயைத் திறந்தார். அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார், அக்கா மூடிக்கொண்டார். சொல்லிவிடுவார், இதோ சொல்லிவிடுவார் என்று நின்றேன். சொல்லியிருக்கலாம். அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது.

அப்பா கேமராவைப் பார்த்து, "மக கேம்பஸுக்குப் போன அன்னிக்கே விட்டுட்டேன். அவளுக்காகத்தான் விட்டேன்" என்று சிங்களத்தில் சொன்னார். மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடிதம் என் கைக்கு வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள், எங்கள் லயத்து ஆட்களும் தட்டினார்கள். நடப்பது என்னவென்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த வாரம் கமிட்டிக்காரர்கள் வழக்கம்போல வெற்றிலைத் தட்டோடு வந்தார்கள். "அது எங்களுக்குத் தெரியாதாண்ணே? நீங்கதான் தூக்கணும்" என்றார் தலைவர். அப்பா தட்டைத் தொடவில்லை.

"குடிச்சேன்னு ஊரறியச் சொல்லிட்டேன் தலைவரே. பொய்யோ நெசமோ, சொன்ன வாய் இதுதானே. இதோட ஆத்தா கரகத்தத் தூக்கப்படாது."

கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன். வெளியே வந்து அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். உள்ளேயே நின்றுவிட்டேன்.

திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து லீவு போட்டு வந்தேன். அந்த வருடம் கரகம் வேறொருவர் தலையில் போனது. அப்பா வேட்டி கட்டிக்கொண்டு கூட்டத்தின் கடைசியில், தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் நின்றார். கரகம் எங்கள் லயத்தைத் தாண்டும்போது, தோட்டத்தில் எந்நேரமும் போதையில் திரிகிற ஒருவர் தள்ளாடி வந்து அப்பாவின் தோளில் கையைப் போட்டார்.

"வாங்கண்ணே, இப்பிடி வந்து நில்லுங்க. இனிமே நீங்களும் நம்ம செட்டுதானே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்த ஆளின் கையைத் தட்டிவிடவில்லை. சிரித்துக்கொண்டே, நான் எங்கேயாவது நின்று பார்க்கிறேனா என்று திரும்பித் தேடினார். சிக்னலே இல்லாத அந்த இடத்தில், நான் போனை எடுத்துக் குனிந்து பார்ப்பது போல நின்றேன்.