சில்வர் ஓக் விழுங்கிய ஒயர்

பாறையை உடைத்துக் கிணறு வெட்டியவன் நான். வாழவந்திப் பக்கம் ஒற்றையடிப் பாதைகூட இல்லாத சரிவில் கல் சுமந்து தடுப்புச் சுவர் எழுப்பியவன் நான். காப்பி வைத்தேன், மிளகு ஏற்றினேன், தோட்டத்தின் கடைசியில் காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் பல்ப்பருக்கு ஒரு கொட்டகை கட்டினேன். வீட்டிலிருந்து அதற்குக் கரண்ட் கொண்டுபோனதும் நானேதான். படித்தது மூன்றாம் வகுப்பு. கம்பம் நட யாருக்குப் பொழுது இருந்தது? நிழலுக்கு நான் வரிசையாக வைத்த ஆறு சில்வர் ஓக் மரங்களில் கட்டுக்கம்பியால் இறுக்கி ஒயரை இழுத்துவிட்டேன். அப்போது இந்த மலையில் பலரும் அப்படித்தான் செய்தார்கள்.

போன அறுவடையில் அந்த ஒயர் என்னைத் தெருவில் நிறுத்தப் பார்த்தது.

பறித்த பழத்தை அன்றைக்கே உரிக்க வேண்டும். இல்லாவிட்டால் புளித்துவிடும், ஒருவரும் தொடமாட்டார்கள். அந்த வருஷத்தின் பெரிய பறிப்பு கொட்டகையில் மார்பளவு குவிந்திருந்தது. சாயங்காலம் பல்ப்பர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றது. வீட்டுச் சுவரில், கரண்ட் கசிந்தால் தானே விழும் ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தது. தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது.

மறுநாள் காலை அடிவாரத்திலிருந்து எலக்ட்ரீஷியன் பனிமூட்டத்தில் வண்டியை ஊர்ந்து ஓட்டி வந்தார். மோட்டாரை முகர்ந்து பார்த்தார்.

"மோட்டாருக்குள்ள காயில் கருகிப் போயிருச்சுங்க. சேலத்துக்குக் கொண்டுபோய்ப் புதுக் கம்பி சுத்தோணும். மூணு நாளாகுங்க."

"மூணு நாள்ல பழம் சாராயமாயிருமுங்க!"

"அதுக்கு நான் என்னங்க பண்றது? மோட்டாரு எம் பேச்சக் கேக்குமா?"

மோட்டாரைக் கழற்றிச் சாக்கில் சுற்றி வண்டியில் கட்டத் தொடங்கினார். என் மனைவி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, கையில சுத்துற மிசினப் பழைய இரும்புக்குப் போட்டப்பவே வேண்டாம்னேன். மோட்டாரு வந்த தெம்புல நொம்ப ஆடுனீங்க!"

 குவியலுக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டேன். காய்ச்சல்காரன் உடம்பு போலச் சுட்டது. புளிப்பு வாடை மூக்கில் ஏறியது.  அங்கேயே சாக்கின் மேல் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு ஆத்திரத்தில் வீட்டுக்குப் போய் ட்ரிப் சுவிட்சைத் தூக்கினேன். விழுந்தது. மறுபடி தூக்கினேன். மறுபடி விழுந்தது. அப்போதுதான் உறைத்தது.

"நில்லுங்க! மோட்டாரு உங்க வண்டியில கெடக்குது. அப்புறம் எவன் இந்த சுவிட்சத் தள்ளுறான்?"

அவர் தலையைச் சொறிந்தார். "கொட்டாய் பல்பா இருக்குமுங்க."

பல்பைக் கழற்றி, கொட்டகையின் மெயினையும் அணைத்தோம். அப்படியும் விழுந்தது. அப்படியானால் கோளாறு வழியில் வரும் ஒயரில். வீட்டு மெயினை அணைத்துவிட்டு, மூன்றாவது மரத்தருகே இருந்த இணைப்பைப் பிரிக்கச் சொன்னேன். மெயினைப் போட்டுத் தூக்கினேன், இப்போது சுவிட்ச் விழவில்லை. வீட்டுப் பக்கத்துப் பாதி சுத்தம். மிச்சம் மூன்று மரங்கள்.

மெயினை மறுபடி அணைத்துவிட்டு ஒவ்வொன்றிலும் மிளகுக் கொடியை விலக்கினேன். நான்காவது மரத்தில் ஒயர் பட்டைக்குள் போய் மறுபக்கம் வெளியே வந்தது. நான் இறுக்கிக் கட்டிய கம்பியோடு சேர்த்து மரம் அதை விழுங்கியிருந்தது. எலக்ட்ரீஷியன் கத்தியால் பட்டையைச் சீவினார். ரப்பர் நைந்து உள்கம்பி கறுத்துக் கிடந்தது. மூன்று நாள் பனியில் ஊறிய மரத்துக்குள் கரண்ட் கசிந்துகொண்டிருந்தது.

"யாருங்க இப்படி இறுக்கிக் கட்டுனது?"

"மரம் இத்தன பெருக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"வெச்சவருக்கே தெரியல!" என்றாள் மனைவி.

அந்தத் துண்டை வெட்டிவிட்டு, மரத்தில் படாமல் புது ஒயர் இழுத்தோம். பழுதே இல்லாத மோட்டாரை வண்டியிலிருந்து இறக்கி மாட்டினோம். மத்தியானம் பல்ப்பர் ஓடியது. குவியலின் அடிப்பாகம் புளித்துவிட்டது, குழியில் கொட்டினோம். மேலே இருந்தது பிழைத்தது.

சேலத்தில் இருக்கும் என் மகன் தோட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், 'எலக்ட்ரீஷியன் வந்து பழத்தைக் காப்பாற்றினார்' என்று போட்டிருக்கிறான். அவர் மோட்டாரைக் கட்டிக்கொண்டு கிளம்பினவர்! ஒயரை இறுக்கிக் கட்டியவன் நான்தான், அதை நான் ஒளிக்கவில்லை. கண்டுபிடித்தவனும் நான்தான். மகனே, அதே குழுவில், எல்லோரும் பார்க்கிற மாதிரி, அதையும் எழுது.