இருபத்தைந்துக்கு மேல் போகாது

பாட்டரி வண்டி விற்பது சுலபம். அது ஏன் இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் நாக்கு தள்ளிவிடும். கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர் பேச்செல்லாம் கேட்கிற என் இனத்தாரே, உங்களுக்குத் தெரியாததா? செய்யாறு கம்பெனி வேலையை உதறிவிட்டு, ஆரணியில் நெசவாளர்கள் குடியிருக்கும் எங்கள் தெரு முனையிலேயே இந்தக் கடையைப் போட்டேன். இது படுத்தால் நானும் படுத்தேன்.

பூட்டு

பட்டு வியாபாரி ஏகாம்பரம் வண்டி எடுத்த மறுநாளே வந்து நின்றார். போளூர் போகும்போது சைக்கிள்காரன் கூட முந்துகிறானாம், மானம் போகிறதாம். உள்ளே வேகத்துக்கு ஏதோ பூட்டு போட்டிருக்கிறார்களாமே, அதை அவிழ்த்துவிடச் சொன்னார்.

அவிழ்த்தால் லைசென்ஸ் வேண்டும், நம்பர் பிளேட் வேண்டும், போலீஸ் பிடித்தால் என் கடைக்கும் சேர்த்துத்தான் பூட்டு என்றேன். மனிதர் முகம் தொங்கிப்போய்விட்டது.

"லைசென்ஸ் வேணாம்னுதாம்மா இந்த வண்டிய எடுத்தேன். வேகம் வேணாம்னு நான் எப்போ சொன்னேன்?"

கண்ணாடி

வேறு ஊர்களில் சார்ஜ் எவ்வளவு தூரம் நிற்கும் என்று கேட்பார்களாம். எங்கள் தெருவில் முதல் கேள்வியே கண்ணாடி கழலுமா என்பதுதான். விடிந்ததும் இங்கே பாவு நீட்டுவார்கள். தறியில் ஏற்றப்போகும் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை இழையாகச் சரிபார்ப்பார்கள். ஓரமாக மிஞ்சுகிற இடுக்கில்தான் வண்டி போகவேண்டும். கண்ணாடி முனை நூலில் மாட்டினால் தொலைந்தது.

கண்ணாடி இல்லாமல் போனால் பின்னால் வருகிறவன் இடிப்பானே என்று, கழற்றச் சொன்ன ஒரு டீச்சரிடம் கேட்டுவிட்டேன்.

"இடிச்சா ஒருத்தன்கூடதான் சண்டைங்க. இழை அறுந்தா தெருவே வரும்."

சத்தம்

அந்த டீச்சரே ஒருநாள் காலையில் பூனை மாதிரி வந்து, பாவில் குனிந்திருந்த முனுசாமி அண்ணனின் முதுகுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தினார். தற்செயலாகத் திரும்பிய மனிதர் திடுக்கிட்டு எகிற, கை பட்டு நாலைந்து இழை போயே போச்சு. ஓட்டியவரை விட்டுவிட்டு, விற்ற என்னைத் தேடி வந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு, ஹாரன் அடித்தால் ஏன் அடித்தாய் என்பீர்கள், அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்பீர்களா என்று பொரிந்துவிட்டேன். அவர் நிதானமாகத்தான் பேசினார்.

"பெட்ரோல் வண்டின்னா முனையில திரும்பும்போதே திட்ட ஆரம்பிச்சிடுவேன். இது திட்டறதுக்கே டைம் குடுக்கலியேம்மா."

தீர்ப்பு

அன்று சாயந்திரமே பிள்ளையார் கோயில் முன்னால் தெரு கூடியது. பாவு நேரத்தில் பாட்டரி வண்டியே வரக்கூடாது என்று பாதிப் பேர். காலையில் ஓட்ட முடியாத வண்டியை எவர் வாங்குவார்? ஏகாம்பரம் பெருந்தன்மையாக எழுந்து, தடையெல்லாம் வேண்டாம், அஞ்சு கிலோமீட்டர் என்று வைத்தால் போதும் என்றார். அஞ்சில் போனால் காலை ஊன்றிக்கொண்டுதான் போகவேண்டும், நீங்களே ஓட்டிக் காட்டுங்கள் என்றேன். மனிதர் எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில், நூல் போனது முனுசாமிக்குத்தான், அவர் சொல்வதே முடிவு என்றார்கள். செத்தோம் என்று நினைத்தேன். ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? ஓட்டிப் பார்த்துவிட்டுத் தடை போடுங்கள் அண்ணா என்று சாவியை நீட்டினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறியவர் முனை திரும்பினார். ஆளைக் காணோம். விழுந்திருப்பார் என்றார்கள். அவர் சம்சாரம் என்னைத் திட்டவே ஆரம்பித்துவிட்டாள்.

ஊரைச் சுற்றிவிட்டுத் தெருவின் மறுபக்கமாக ஓசைப்படாமல் வந்து, எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார். கூட்டமே அலறிச் சிதறியது. அவருக்கோ தலைமுடி கலைந்து, முகமெல்லாம் சிரிப்பு. என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நம்ம தெருவுல பத்துன்னு வச்சிக்கலாம்மா. மத்த தெருவுல அவங்கவங்க பாவ அவங்கவங்க பாத்துகினு இருக்கட்டும்."

இந்தத் தொழிலில் நான் புரிந்துகொண்டதெல்லாம், வேகக் கட்டுப்பாட்டை வேண்டாம் என்பவர் ஊரில் ஒருத்தரும் இல்லை, எல்லாரும் கேட்பது அடுத்தவர் வண்டிக்கு என்பதுதான்.