தார்ன்ராய்ட் பாதை

மேவிஸ் தார்ன்ராய்ட் யார்க்‌ஷயர் மலைச்சரிவில் பேருந்து ஓட்டினாள். தாமதமாக ஓடிவந்து ஏறுபவர்கள்மீது அவளுக்குக் கோபம்; முன்னாலேயே வந்து நின்று அவசரப்படுத்துகிறவர்கள்மீதும் கோபம். அந்த வசந்தத்தில்தான் முதன்முறையாக நியாயமான காரணம் ஒன்று கிடைத்தது.

முட்காட்டை வெட்டித் திருத்திய நிலம் என்று பொருள்படும் தார்ன்ராய்ட், மேட்டிலிருந்த பண்ணையின் பெயர். அவள் குடும்பத்துக்கு அது பெயராக வந்தது பிறகுதான். பண்ணையை வாங்கிய லயனல் பென்ஹாலோ, கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையின்மேலேயே புதுச் சமையலறை கட்டிவிட்டார். மேவிஸின் அப்பாவைப் புதைத்தது அந்தத் தோட்டத்தில்தான். ஊர் நடக்காத பாதை செத்த பாதை.

ஆண்டுதோறும் கோடைக்கு முன் ஒரு ஞாயிறு, ஊர் எல்லை மறந்துபோகாமலிருக்க, ஊரார் கம்புகளால் எல்லைக் கற்களை அடித்துக்கொண்டு பாதிரியார் பின்னால் நடப்பார்கள். அந்தப் பாதையும் எல்லையில்தான் இருந்தது; குறுக்கே எது நின்றாலும் ஊடே போவதுதான் வழக்கம். இம்முறை பாதிரியார் தயங்கினார்.

“சுத்திப் போயிடலாமே மேவிஸ்?”

“நீங்க சுத்துங்க ஃபாதர். நான் நேரா போறேன்.”

சமையலறை வாசலில் பென்ஹாலோ கைகட்டி நின்றார். “ஏம்மா, இது என் வீடு.”

“வீடு உங்களுது. பேரு என்னுது.”

“அந்தப் பேரே உங்களுக்கு எதிர்சாட்சிம்மா! இங்கயே இருந்தவன எவன் தார்ன்ராய்ட்னு கூப்பிடுவான்? பண்ணையவிட்டுப் போனவனத்தான் பண்ணை பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க. உங்காளுங்க எப்பவோ கெளம்பிட்டாங்க.”

சொன்னது உண்மை. அதுதான் பொறுக்கவில்லை.

“கெளம்பினாங்கதான்யா! பறந்தா போனாங்க? இந்தப் பாதையிலதானே நடந்து போனாங்க!”

“பென்ஹாலோங்கறதும் தெக்கே கார்ன்வால்ல ஒரு எடத்துப் பேராமே,” என்றார் கசாப்புக்கடை சேத். “நீங்க எதுக்குங்க ஓடி வந்தீங்க?”

கூட்டம் சிரித்தது. பென்ஹாலோ வாய் திறப்பதற்குள் மேவிஸ் சேற்றுக் காலணியோடு உள்ளே நுழைந்து, பளிங்குத் தரையில் கம்பால் ஓங்கி ஓர் அடி வைத்து, எதிர்ச் சன்னல் வழியே வெளியே குதித்தாள். பின்னாலேயே பாதிரியார், சன்னலிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு.

“அடுத்த ஞாயித்துக்கெழமையும் வருவேன்,” என்று வெளியிலிருந்து கத்தினாள். “ஒரு கதவ வைங்க. முட்டி வலிக்குது!”

வாராவாரம் போனாள். இலையுதிர்காலத்துக்குள் கதவு வந்தது. பென்ஹாலோவே அதைத் திறந்து, மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

“தெறந்துவிட நீங்க யாரு?” என்று சீறிவிட்டு அப்பாவைப் பார்க்கப் போனாள்.