பிசின் தண்ணீர்

நாத்தனாருக்குப் பிள்ளை பிறந்து அரை நாளாகியும் ரத்தம் நிற்கவில்லை. தாகம், தாகம் என்று அழுதாள். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுத்தால் உடம்பு ஊதிவிடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். நான் உதட்டை மட்டும் நனைத்துவிட்டேன். பாகூரிலிருந்து வண்டி கட்டிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது நாடி கைக்குச் சிக்கவில்லை.

பிரசவம் பார்த்த மருத்துவச்சி வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்து, வாசற்படிக்கு வெளியே நின்றாள். சேரிக்காரி. என்னைவிட இருபது வயதாவது மூத்தவள். ஆனாலும் நான் அவளை வா, போ என்றுதான் பேசுவேன்.

ரத்தப்போக்கை நிறுத்தியதும், முதலில் கண்ணாடிப் போத்தலில் உப்புத் தண்ணீர் கட்டி, ரப்பர் குழாய் வழியாகக் கை நரம்பில் விட்டார்கள். முகம் கொஞ்சம் தெளிந்தது. ஒரு மணி நேரத்தில் பழையபடி வெளுத்துவிட்டது. கால்தான் வீங்கியது, அமுக்கினால் குழி அப்படியே நின்றது. தண்ணீர் ஆகாது என்று நான் சொன்னேனே பார் என்று அங்கேயும் என் பெருமையைப் பேசினேன்.

அங்கே வேலை பார்த்த கன்னியாஸ்திரீ தமிழ்க்காரர்தான். பொறுமையாக விளக்கினார். வெறும் உப்புத் தண்ணீர் நரம்புக்குள் தங்காதாம். கசிந்து சதைக்குள் இறங்கிவிடுமாம். அடுத்த போத்தலில் பிசின் கரைத்திருக்கிறது, பிசின் சீக்கிரத்தில் வெளியே கசியாது, தண்ணீரையும் தன்னோடு உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார். என்ன பிசின் என்று கேட்டேன். கருவேலம் மாதிரி மரத்துப் பிசின் என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எங்கள் ஏரிக்கரைக் கருவேல மரங்களில் பிசின் எடுத்து மடியில் கட்டிவருபவள் இதே மருத்துவச்சிதான். கொல்லையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். தண்ணீர் தெளித்த பிறகே நான் தொடுவேன். மீதியை அவள் பட்டணத்துக் கடையில் விற்பதும் தெரியும். ஆஸ்பத்திரிப் பிசின் எந்தத் தேசத்திலிருந்து வந்ததோ, அந்த யோசனையெல்லாம் எனக்கு வரவில்லை.

"இவ மடியில கெடந்த பிசினு எங்க வூட்டுப் பொண்ணு ரத்தத்துல கலக்கறதா?" என்று கேட்டு, புதுப் போத்தலிலிருந்து சொட்டத் தொடங்கியிருந்த குழாயை மடித்து இறுகப் பிடித்துக்கொண்டேன். கன்னியாஸ்திரீ கெஞ்சினார். நான் விடவில்லை. நாத்தனாருக்குக் கண் மேலே சொருகியது.

மருத்துவச்சி படியைத் தாண்டி உள்ளே வந்தாள். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அதுவரை அவள் கை என்மேல் பட்டதில்லை.

"வுடும்மா. உசுரு நின்னா நீயும் நானும் தலைக்கு ஊத்திக்கலாம். போயிட்டா இன்னாத்த ஊத்துவ?"

பிசின் தண்ணீர் மெல்ல இறங்கியது. சாயங்காலம் நாடி கையில் பட்டது. இந்த முறை நழுவவில்லை. கால் வீக்கமும் அடுத்தடுத்த நாட்களில் வற்றியது.

கட்டிலைவிட்டு நகராமல் நின்று அண்ணிதான் என்னைக் காப்பாற்றினாள் என்று நாத்தனார் சாகும்வரை ஊரெல்லாம் சொன்னாள். நான் மறுக்கவில்லை. மருத்துவச்சியும் வாய் திறக்கவில்லை.

ஊர் திரும்பியபின் ஒருநாள் அவள் கொல்லைப்பக்கம் வந்தாள். பெற்றவளின் இடுப்புக்குப் பலமாக இருக்கட்டும் என்று ஒரு கை பிசினை வைத்துவிட்டு, வழக்கம்போலத் தள்ளி நின்றாள். மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொம்பை எடுத்தேன். அன்றைக்கும் தண்ணீர் தெளித்துத்தான் எடுத்தேன். அவள் என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.