நைலோன் சேலை கட்டச் சொன்ன நாள்

எழுபதுகளில், மெல்போர்னில் எங்களுக்கு அது முதல் கோடை. என் மேலதிகாரி வீட்டில் மதிய விருந்து. ஆறு மாதக் கர்ப்பிணியான என் மனைவி பருத்திச் சேலையோடு வந்து நின்றாள்.

"சரியான வெக்கையா இருக்கு. இதையே கட்டட்டோ?"

"கசங்கின சேலையோட அங்க வரேலாது. நைலோனைக் கட்டும்" என்றேன்.

டிராம் தரிப்பில் நிழலே இல்லை; அவள் கட்டியிருந்த நைலோனுக்குள் காற்றும் புகவில்லை. வண்டி வருமுன் அவள் என் தோளில் சரிந்தாள். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. கூப்பிட்டால் பேச்சில்லை.

"ஐயோ, ஆராவது வாங்கோ!" என்று தமிழிலேயே கத்தினேன்.

எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பெண் ஓடிவந்தாள். இருவருமாக மனைவியை அவள் வீட்டுக்குத் தூக்கிப்போனோம். என்னை வெளியே விட்டு அவள் அறைக்கதவைச் சாத்தினாள். இரண்டு உயிரையும் கொன்றுவிட்டேனோ என்று வாசலில் நின்று அழுதேன்.

கதவு திறந்தபோது, அந்தப் பெண்ணின் தொளதொளத்த பருத்திக் கவுனில் மனைவி கண் விழித்துப் படுத்திருந்தாள்.

"பிள்ளை அசையுது" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து மெல்லக் கேட்டாள்: "கோவமோ?"

மகள் சுகமாகவே பிறந்தாள். ஆனால் என் மனைவி என்னிடம் எவ்வளவு பயந்து வாழ்ந்திருக்கிறாள் என்பதை அந்த ஒரு சொல்லில்தான் அறிந்தேன்.