'டிரெஞ்ச்' என்ற சொல்லின் மூன்றாம் பொருள்

எங்கள் வீட்டு ஆங்கில அகராதியைத் திறந்தாலே கருவாட்டு வாடை அடிக்கும். திருவொற்றியூர்க் குப்பத்தில் மீன்பிடித் தொழில் செய்த என் அப்பா, நான் ஏழாம் வகுப்புக்குப் போனபோது பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கி வந்து, கருவாட்டுக் கூடைக்கு மேலிருந்த பலகையில் வைத்த தடித்த புத்தகம் அது. அப்பாவை நாங்கள் 'நைனா' என்போம்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, ஆங்கில வீட்டுப்பாடத்துக்கு 'டிரெஞ்ச்' (drench) என்ற சொல்லை வைத்து வாக்கியம் எழுத வேண்டியிருந்தது. நனைத்தல் என்று டீச்சர் பொருள் சொல்லியிருந்தார். விடிவதற்கு முன்பே நைனா ஃபைபர் படகில் போயிருந்தார். தினமும் தொப்பலாக வருகிறவர்தானே என்று, 'கடல் என் அப்பாவை நனைத்தது' என ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, சரிபார்க்க அகராதியைப் புரட்டினேன். முதல் பொருள் முழுக்க நனைத்தல். அடுத்தது, மாட்டின் வாயைப் பிளந்து மருந்து புகட்டுதல். மூன்றாவது, பழைய வழக்கு என்ற குறிப்போடு, நீரில் மூழ்கடித்துக் கொல்லுதல். அதற்கும் கீழே பொடி எழுத்தில், இதன் மூலம் குடிக்க வைத்தல், 'டிரிங்க்' என்ற சொல்லின் உடன்பிறப்பு என்றிருந்தது.

என் வாக்கியத்தை மூன்றாம் பொருளோடு படித்துப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் கூரைத் தகரம் படபடக்க ஆரம்பித்தது; காற்று திரும்பிவிட்டது.

எழுதிய தாளைக் கிழித்து, எழுத்து அழியட்டும் என்று வாளித் தண்ணீரில் அமுக்கினேன். பால்பாயிண்ட் மை, தாள்தான் கூழானது, எழுத்து அப்படியே நின்றது.

"இன்னாடி பண்ணிகினு கீற? மூஞ்சி ஏன் இப்டி வெளுத்துப்போச்சு?" என்றாள் அம்மா.

பிற்பகலில் கொட்டும் மழையில் குப்பமே கரையில் நின்றது. ஒவ்வொரு படகாகத் திரும்பியது. நைனாவின் படகைக் காணோம். அழுதால் நான் எழுதியது தெரிந்துவிடும் என்று அம்மாவின் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பொழுது சாயும்போது வேறொரு படகில் அவரையும் கூடப் போன கூட்டாளியையும் கொண்டு வந்தார்கள். மணலில் குப்புறப் போட்டு முதுகை அழுத்த, நைனாவின் வாயிலிருந்து உப்புத் தண்ணீர் கொட்டியது. "போட்டு கவுந்துட்ச்சி. ரொம்பத் தண்ணி குடிச்சிட்டன்" என்றார். 'குடிக்க வைத்தல்' என்ற அந்தப் பொடி எழுத்து நினைவுக்கு வந்தது.

மூன்று நாள் கழித்து அவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"நீ எய்தறதுக்கு முன்னியே காத்து கெளம்பிட்ச்சி கண்ணு. நான் அதப் பாத்தும்தான் வலைய வுட்டேன். அம்மாகிட்ட சொல்லாத."

சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு அவர் படகேறிய ஒவ்வொரு விடியலும் எனக்குப் பயத்தில்தான் விடிந்தது.

நைனா பின்னாளில் வீட்டில், தூக்கத்தில் போனார். அவரைக் கிடத்திய மணல் இன்று இல்லை. கடல் தின்றது போக மிச்சத்தில் கருங்கல்லைக் கொட்டியிருக்கிறார்கள். படகுகள் காசிமேட்டுத் துறைமுகத்துக்குப் போய்விட்டன. போன மழைக்காலத்தில் எங்கள் பழைய கரைக்குப் போனேன். காத்துக்கொண்டு நிற்க ஒருவரும் இல்லை, நிற்பதற்கு இடமும் இல்லை.