பத்துக் காம்பராவுக்கு ஒரு நாற்காலி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே வரிசையில் பத்துக் காம்பரா, வீட்டுக்கு ஒன்றாகப் பத்துக் குடும்பம். நாற்காலி ஒன்றுதான், அதுவும் எங்களுடையது. அப்பா பதுளைக் கடைவீதியில் வாங்கி, பஸ் கூரையில் கட்டிக்கொண்டு வந்து, ரோட்டிலிருந்து தலையில் சுமந்தே லயத்துக்கு இறக்கினார். அதில் அவர் உட்கார்ந்ததைவிட மற்றவர்கள் உட்கார்ந்ததே அதிகம். கால்சட்டை போட்டவர் எந்த வீட்டுக்கு வந்தாலும் நாற்காலி அங்கே போய்விடும். வந்தவரைத் தரையில் உட்கார வைத்தால் லயத்துக்கே கேவலம் அல்லவா? தூக்கிக்கொண்டு ஓடும் வேலை எனக்கு. பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்தால் இந்தச் சேவகம் வேறு. எரிச்சலாக வரும்.

எழுபதுகளில் பதுளையிலிருந்து கணக்கெடுப்பு ஐயா ஒருவர் வருடா வருடம் வருவார். ஒரே குடும்பங்களைப் பல வருடம் தொடர்ந்து கேட்டால்தான் சனங்கள் முன்னேறுகிறார்களா என்று தெரியுமாம். என்ன சாப்பிட்டீர்கள், யாருக்குக் காய்ச்சல், வீட்டில் என்னென்ன சாமான் என்று கேட்பார். நல்ல பிள்ளை. அம்மா சுட்ட ரொட்டியைச் சம்பலோடு கண்ணில் நீர் வழியத் தின்பார். அவர் முன்வாசலால் அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் நான் பின்பக்கமாக நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டுவிடுவேன். அதில் உட்கார்ந்துகொண்டே, "நாற்காலி இருக்கா?" என்று கேட்பார். உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் அது இரவல் என்று எந்தப் பெண் சொல்வாள்? "இருக்குங்க" என்றார்கள். பத்து வீட்டுக்கும் பத்து நாற்காலி கணக்கில் ஏறியது.

மூன்றாம் வருடம், பக்கத்து வீட்டுக் காதுகுத்துக்கு வந்த பருத்த சம்பந்தி ஒருவர் நாற்காலியின் காலை முறித்துவிட்டார். நாற்காலி ஆசாரியிடம் கிடந்த வாரம்தான் ஐயா வந்தார். பலகையில் உட்கார்ந்து கேட்டார். எல்லோரும் இல்லையென்று உண்மையைச் சொன்னோம். உண்மை சொன்னால்தான் கெடுதி போலிருக்கிறது. கொஞ்ச நாளில் ஐயா முகம் வெளிறி ஓடி வந்தார்.

"பத்து நாற்காலியும் ஒரே வருசத்துல எங்க போச்சும்மா? நான் இங்க வராமலே டீக்கடையில இருந்து எழுதிட்டேங்கிறாங்க. எங்க ஆபீஸ் பெரியவர் நேர்ல வாறார். பொய்னு கண்டா என் வேலை போயிடும்."

"அடுப்பெரிச்சிட்டோம்னு சொல்லிடலாங்க" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஐயாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. பாவம், அவரை நம்பி வீட்டில் எத்தனை பேரோ. அம்மாதான் முடிவு சொன்னாள்: "உள்ளத உள்ளபடி சொல்லிடுவோம். ஆசாரிகிட்டருந்து வந்த நாற்காலிய யாரும் வீடு மாத்தக்கூடாது."

பெரியவர் வந்தார். கால்சட்டை மட்டுமல்ல, கோட்டும் போட்டிருந்தார். முதல் வீட்டு அக்கா தவிப்போடு என்னைப் பார்த்தாள். பழக்கம் யாரை விட்டது? என் கால் தானாக ஓடியது. நான்காவது வீட்டில் உட்கார்ந்தவர் சட்டென்று எழுந்து இருக்கையைத் தொட்டுப் பார்த்தார். முந்தின வீட்டில் அவர் உட்கார்ந்த சூடே இன்னும் ஆறவில்லை. ஆசாரி போட்ட புதுக் கால் வேறு வெளேரென்று தனியாகத் தெரிந்தது.

நாற்காலியை வாசலில் போடச் சொன்னார். எல்லோரையும் கூப்பிட்டார்.

"இது யாரோட நாற்காலி? ஒரு வீட்டுதுன்னா மத்த ஒம்பது வீட்டுலயும் இவர் எழுதினது பொய். இவர் நாளைக்கு வேலைக்கு வரவேண்டியதில்ல."

ஐயா தலையைக் குனிந்துகொண்டார். அப்பா வாயைத் திறந்தார். 'எங்க நாற்காலி, எங்க நாற்காலி' என்று லயம் முழுக்கத் தம்பட்டம் அடித்த அம்மா முந்திக்கொண்டாள்.

"லயத்துப் பொது நாற்காலிங்க. பத்து வீட்டுக்கும் சொந்தம். போன தடவ ஆசாரிகிட்ட கிடந்துச்சு. அதான் ஒருத்தருக்கும் இல்லாம போச்சு."

பெரியவர் நாற்காலியின் புதுக் காலைத் தட்டிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டு போனார்.

ஐயாவின் வேலை பிழைத்தது. எங்கள் நாற்காலிதான் பிழைக்கவில்லை. அம்மாவின் வார்த்தையை லயம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பொது என்றான பிறகு திருப்பிக் கொண்டுவருவானேன்? அப்பாவுக்கு அதில் உட்கார ஆசை வந்தால், எந்த வீட்டில் இருக்கிறதென்று விசாரித்துப் போவார். அவர்களும் விருந்தாளி வந்துவிட்டாரென்று தேத்தண்ணி கொடுப்பார்கள். எனக்கு வயிறு எரியும்.

அடுத்த வருடம் ஐயா வந்தார். நாற்காலியும் எங்கிருந்தோ வந்தது. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "வீட்டுல நாற்காலி இருக்குங்களா?" என்று கேட்டார்.

வாசற்படியில் குந்தியிருந்த அப்பா அம்மாவை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பத்துல ஒரு பங்கு இருக்குங்க. காலா முதுகான்னு இன்னும் பிரிக்கல."